இருநூற்றுப் பன்னிரண்டாம் தாள்

2023 நவம்பர் 14, செவ்வாய்க்கிழமை முற்பகல் பத்து நாற்பதுக்கு, தென் லண்டனில் உள்ள ஓர் ஆவணக் காப்பகத்தின் இரண்டாம் மாடியில், பழைய வணிகக் கம்பெனி ஒன்றின் மருத்துவ விடுப்புத் தொகுதியின் 212ஆம் தாள் ஓரத்திலிருந்து உள்நோக்கி ஒன்பது சென்ரிமீற்றர் கிழிந்தது. தாளைப் புரட்டியவள் சிவனேஸ்வரி, வயது ஐம்பத்தேழு. சேதப் படிவத்தை அவளே நிரப்பினாள்.

படிவத்தில் காரணம் எழுதும் கட்டம் இரண்டு விரற்கடை உயரம்தான். ‘கை தவறியது’ என்று ஆங்கிலத்தில் எழுதினாள். முதல் எழுத்து வழக்கமான அளவில் இருந்தது. கடைசி எழுத்து எறும்பளவுக்குச் சுருங்கிவிட்டது. ஒரு வருடமாக அவள் எழுத்து இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது.

அந்த அறையில் அவளுக்கு இருபத்தொரு வருடம். ஜன்னல் இல்லாத அறை. கோடையிலும் கம்பளிச்சட்டை போட வேண்டிய குளிர். நுரைத் தாங்கிகள் இரண்டைச் சாய்த்து வைத்து, அவற்றின் நடுவில் தொகுதியை மல்லாக்கக் கிடத்துவாள். தாள் எழும்பாதிருக்க, ஈயக் குண்டுகளைத் துணிக்குள் தைத்த நீளமான பாரங்களை ஓரங்களில் போடுவாள். அவற்றுக்கு அங்கே பாம்பு என்று பெயர். இடது கை மேல் மூலையைப் பிடிக்கும். வலது உள்ளங்கை தாளின் அடியில் நுழைந்து முழுத்தாளையும் ஏந்தித் திருப்பும். அவிந்த இடியப்பத்தைத் தட்டிலிருந்து பிய்யாமல் எடுக்கிற கைப்பக்குவம் அது. பிறகு காலால் மிதியை அழுத்தினால் மேலே கமரா ஒரு தரம் கண்சிமிட்டும். ஒரு நாளைக்கு முந்நூற்றைம்பது தாள்.

மருத்துவ விடுப்புத் தொகுதிகளை எடுக்கத் தொடங்கி இரண்டு வருடம் ஆகியிருந்தது. முழுக்க நோய்தான். இருநூறு வருடங்களுக்கு முந்திய கம்பெனி உத்தியோகத்தர்கள் ஈரல் வீக்கம், விட்டு விட்டு வரும் காய்ச்சல், மனச்சோர்வு என்று எழுதி விடுப்புக் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு கடிதத்தின் பின்னாலும் வைத்தியரின் சான்று. அதன் பின்னால் மேலிடத்தின் ஒரு வரி: அனுமதிக்கப்பட்டது. நன்னம்பிக்கை முனைக்குக் கடற்காற்று வாங்க ஒரு வருடம், இங்கிலாந்துக்குப் போய்வர மூன்று வருடம். படமெடுப்பவர்கள் வாசிக்க வேண்டும் என்பதில்லை. அவள் வாசித்தாள். சுழித்துச் சுழித்து எழுதிய அந்தப் பழைய கையெழுத்தைத் தடக்கமில்லாமல் வாசிக்கக்கூடியவர்கள் அந்தக் கட்டடத்தில் மூன்று பேர். அதில் ஒருத்தி அவள்.

வாசித்ததை மோர்டனில் உள்ள வீட்டில் இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் சொல்லுவாள். தியாகராஜா பெற்றோல் நிலையமொன்றில் பகல் ஷிப்ட் செய்கிறவர், கதை கேட்பதில் பிரியமுள்ளவர். ஒருநாள் யாழ்ப்பாணத்தில் இருந்த உதவி அதிகாரி ஒருவனின் மனு வந்தது. அந்த ஊர்க் காற்றே தன்னைக் கொல்கிறது என்று அவன் எழுதியிருந்தான்.

“எங்கட காத்திலை என்ன பிழையாம்?” என்று தியாகராஜா புட்டைக் குழைப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“உப்புக் காத்தாம். கிணத்துத் தண்ணியும் வயித்துக்கு ஒத்துவரேல்லையாம்.”

“லீவு குடுத்ததோ?”

“ரெண்டு தரம் நீட்டிக் குடுத்திருக்கு.”

“அப்ப உவன் வேலை செய்தது எப்ப?”

இருவரும் சிரித்தார்கள். அப்போது அவளுடைய வலது கை நடுங்கத் தொடங்கவில்லை.

நடுக்கம் 2022 கடைசியில் வந்தது. 2023 பெப்ரவரியில் ஆஸ்பத்திரியில் பார்க்கின்சன் என்று சொன்னார்கள். அந்தப் பரிசோதனைகளுக்கு அவள் எட்டு நாள் வருடாந்த விடுமுறை எடுத்தாள். விடுமுறைப் படிவத்தில் கனடாவில் தங்கச்சி வீட்டுக்கு என்று எழுதினாள். திரும்பி வந்த திங்கட்கிழமை, இலை வடிவ மேப்பிள் பிஸ்கற் பெட்டி ஒன்றைத் தேநீர் அறை மேசையில் வைத்தாள். போய்வந்தவர்கள் ஏதாவது இனிப்பு வைப்பது அந்த அலுவலக வழக்கம். பிஸ்கற் உண்மையில் கனடாவிலிருந்து வந்ததுதான். முந்திய வருடக் கல்யாண வீடொன்றுக்கு வந்த யாரோவிடம் தங்கச்சி கொடுத்துவிட்டது, அலுமாரியில் கிடந்தது. எல்லாரும் தின்றுவிட்டு ரொறொன்ரோவில் குளிர் எப்படி என்று கேட்டார்கள். பயங்கரக் குளிர் என்றாள்.

இது முதல் தடவையல்ல. 2014இல் கர்ப்பப்பை எடுத்தபோதும் கனடா. அதற்கு முந்தி ஒரு பிள்ளை தங்காமல் போனபோது பிரான்ஸ். இருபத்தொரு வருடத்தில் அவள் ஒரு நாளாவது நோய் என்று சொல்லி வேலைக்குப் போகாமல் இருந்ததில்லை.

இந்தச் சட்டத்தை அவளுக்குச் சொன்னது அருமைநாயகி அக்கா. 1999இல் ஸ்ட்ரெதமில் அவர் வீட்டு மேல்மாடி அறையில்தான் இவர்கள் இருந்தார்கள். அகதி வழக்கு நடந்துகொண்டிருந்த காலம். வேலை செய்யலாம் என்ற கடிதம் மட்டும் கையில் இருந்தது. அருமைநாயகி அக்கா கோழி வெட்டிக்கொண்டே சொன்னார்: “காய்ச்சல் எண்டாலும் சிக் எண்டு சொல்லாதை, பிள்ளை. சிக் எண்டு விழுந்தால் அது பேப்பரிலை நிக்கும். கேஸ் பாக்கிறவன் முதல் அதைத்தான் பாப்பான். லீவு கேள். கலியாணம் எண்டு சொல்லு.” யாரோ ஒரு பொடியன் முதுகுவலி என்று இரண்டு கிழமை வேலைக்குப் போகாமல் நின்ற அதே மாதம் அவனுடைய வழக்கு நிராகரிக்கப்பட்டதாம். அது போதுமாயிருந்தது. யூனியனில் சேரக் கூடாது என்பதும் அக்காவின் சட்டம்தான்.

இவர்களுக்கே ஒரு படிப்பினை இருந்தது. 1997இல் தியாகராஜாவை விசாரித்த அதிகாரி, கடைசியில், வேறு ஏதாவது சொல்ல இருக்கிறதா என்று கேட்டார். களைப்பில் இவர் இல்லை என்றார். ஊரில் இராணுவ முகாமில் தன்னை அடித்ததைப் பிறகு வக்கீலிடம் சொன்னார். நிராகரிப்புக் கடிதத்தில், அது உண்மையானால் கேட்டபோதே சொல்லியிருப்பீர் என்று இருந்தது. அந்த ஒரு ‘இல்லை’யைத் திருத்தப் பதின்மூன்று வருடம் பிடித்தது. 2010இல் வதிவிட அனுமதி கிடைத்தது, இரண்டு வருடம் கழித்துக் குடியுரிமை. அதற்குப் பிறகும் சிவனேஸ்வரி நோய் விடுப்பு எடுக்கவில்லை. முதலில் பயமாயிருந்தது பின்னர் பெருமையாகிவிட்டது. இருபது வருடம் நிறைந்தபோது ஒரு நாளும் தவறாத சேவை என்று காப்பகம் அவளுக்கு ஒரு சான்றிதழ் கொடுத்தது. தியாகராஜா அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு நல்லூர் முருகன் படத்துக்குப் பக்கத்தில் மாட்டினார்.

ஆகவே பெப்ரவரிக்குப் பிறகும் அவள் கணவனைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. குளிசை போட்டு முக்கால் மணித்தியாலத்தில் கை அடங்கும். மூன்று மணித்தியாலம் சொன்னபடி கேட்கும். அந்த நேரத்துக்குள் நொய்ந்த தாள்களை எடுத்து, மற்ற நேரத்தில் தடித்த தாள்களை எடுத்தாள். வலது முழங்கையை மேசை விளிம்பில் ஊன்றிக்கொள்ளப் பழகினாள். அப்படியும் மே மாதத்தில் ஒன்றும் செப்ரெம்பரில் ஒன்றுமாக இரண்டு தாள்களின் மூலை உடைந்து போயிற்று. நகத்தளவுத் துண்டுகள். அவற்றை மெல்லிய தாளில் மடித்து ஒரு கடித உறையில் போட்டு, தொகுதி எண்ணையும் தாள் எண்ணையும் பென்சிலால் எழுதி, தன் மேசை லாச்சியில் வைத்தாள். படிவம் நிரப்பவில்லை. எறியவும் மனம் வரவில்லை.

நவம்பர் 14 காலையில் ஒன்பதரைக் குளிசை தவறியது. யாரோ ஒருத்தியின் பிறந்தநாள் என்று கேக் வெட்டத் தேநீர் அறைக்கு எல்லாரையும் கூப்பிட்டார்கள். குளிசைப் பெட்டியை அவ்வளவு பேர் முன்னால் எடுக்க முடியவில்லை. கேக் துண்டை இடது கையால் வாங்கி, தின்னாமலே வைத்துவிட்டாள். இந்தப் பகுதியை முடித்துவிட்டுப் போடலாம் என்று நேரே மேசைக்கு வந்தாள். 212ஆம் தாள் பாதி திரும்பியிருந்தபோது உள்ளங்கை தானாகத் துடித்தது.

மேற்பார்வையாளர் ஹெலன் வந்து பார்த்தார். கோபப்படவில்லை. சிவா, உனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார். அந்த இடத்தில் சிவனேஸ்வரி, இல்லை, நான் விரதம், எங்கள் கந்தசஷ்டி, நேற்றிலிருந்து சாப்பிடவில்லை, அதனால் கை கொஞ்சம் நடுங்குகிறது என்றாள். சமயக் காரியம் என்றால் வெள்ளைக்காரர்கள் மேலே கேட்க மாட்டார்கள் என்று ஒரு நினைப்பு. ஹெலன் மேலே கேட்கவில்லை. கேட்டதை அப்படியே எழுதிக்கொண்டார்.

கந்தசஷ்டி விரதம் இருந்தது தியாகராஜா. பாலும் பழமுமாக ஆறு நாள், மனைவியின் கைக்காக. குளிசையை வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும் என்பதால் அவளை விரதம் பிடிக்க வேண்டாம் என்று அவரே தடுத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை கடிதம் வந்தது. உணவின்றிக் கை தளர்ந்திருப்பதை அறிந்தும் மூல ஆவணங்களைக் கையாண்டமை குறித்து டிசெம்பர் 12 அன்று ஒழுங்கு விசாரணை. அன்று மத்தியானம், ஊழியர் விவகாரங்களைப் பார்க்கும் ஆளணிப் பிரிவின் லக்ஷ்மிப்ரியா அவளைப் படிக்கட்டில் மறித்தாள். திருச்சிப் பெண், முப்பத்து நாலு வயது. இரண்டு பேரும் தமிழில் பேசுவது பெரும்பாலும் படிக்கட்டில்தான்.

“அக்கா, இதை நான் உங்ககிட்டச் சொல்லவே கூடாது. உங்க ஃபைலைப் பார்த்தேன். இருபத்தொரு வருஷத்துல ஒரு நாள் கூட சிக் இல்லை.”

“நல்லதுதானே, பிரியா.”

“நல்லதில்லைக்கா. உடம்பு சரியில்லைன்னா அது வேற வழி. டாக்டர்கிட்ட அனுப்புவாங்க, வேற மேசை பார்த்துக் கொடுப்பாங்க. விரதம்னு நீங்களே சொன்னதால, தெரிஞ்சே செஞ்ச தப்புன்னு ஆயிடுச்சு. நிஜமாவே விரதத்தாலதான் நடுங்குச்சா?”

சிவனேஸ்வரி வலது கையைக் கம்பளிச்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். “ஓம்” என்றாள்.

லக்ஷ்மிப்ரியா அந்தப் பையைப் பார்த்தாள். துணி அசைந்துகொண்டிருந்தது. “லெட்டர் ஏதாவது இருந்தா கொண்டு வாங்க. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கூட ஒரு வார்த்தை வேண்டாம்.”

ஞாயிற்றுக்கிழமை பாரணை, விரதம் முடிக்கிற சாப்பாடு. முந்திய நாள் வெஸ்ட் ஈலிங் கோயிலில் சூரன்போர் பார்த்துவிட்டுத் தொண்டை கட்டி வந்திருந்தார் தியாகராஜா. விடிந்ததிலிருந்து தூறல். சிவனேஸ்வரி சோறு, பருப்பு, வாழைக்காய்க் கறி, அகத்திக்குப் பதிலாக வேறு கீரை, பால் விட்ட சொதி என்று சமைத்தாள். மரக்கறி வெட்டியது மகள் சாருஜா. குரொய்டனில் மருந்தாளராக வேலை செய்கிறாள். தாய் சொல்லாமலே ஓகஸ்டில் குளிசைப் பெட்டியைப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தவள் அவள். வாழையிலை கிடைக்காமல் தட்டிலேயே பரிமாறினார்கள். தியாகராஜா முதல் கவளத்தை எடுக்குமுன் விசாரணைக் கடிதம் மேசைக்கு வந்துவிட்டது.

“அம்மா, இது டிசெபிலிற்றி. ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் காட்டினா அவையள் ஹெல்ப் பண்ண வேணும். அதுதான் லோ.”

“லோ எங்களுக்குப் புதுசோ?” என்றார் தியாகராஜா. “பதின்மூண்டு வருசம் லோவுக்குத்தான் காத்துக்கிடந்தனாங்கள்.”

“அப்பா, நீங்கள் இப்ப பிரிட்டிஷ்.”

“குடுத்ததைத் திருப்பி எடுக்கிறாங்கள். நீ நியூஸ் பாக்கிறேல்லையோ?” அவர் மனைவியிடம் திரும்பினார். “இஞ்சாரும். விரதம் எண்டு சொல்லிப்போட்டீர். இப்ப போய் அது பொய் எண்டு சொல்லப் போறீரோ? பிறகு கனடா எங்கை எண்டு கேப்பாங்கள். பெட்டியோடை பிஸ்கற் கொண்டுபோய் வைச்சனீரெல்லோ? ஒண்டைப் பொய் எண்டு பிடிச்சால் மிச்சத்தையும் கிண்டுவாங்கள். பிழை விட்டிட்டன், மன்னியுங்கோ எண்டு சொல்லிப்போட்டு வாரும். எச்சரிக்கைக் கடிதம் தருவாங்கள். அவ்வளவுதான்.”

“பிறகு? அடுத்த தாளும் கிழியும். அதுக்கு என்ன சொல்லுறது?”

சொதி ஆறி மேலே ஆடை பிடித்திருந்தது.

“எனக்கு வேலை வேணும்” என்றாள் சிவனேஸ்வரி. “கை போனாலும் கண் இருக்கு. அந்த எழுத்தை வாசிக்க அங்கை மூண்டு பேர்தான். வாசிச்சுச் சொல்ல, விபரம் எழுத வேறை மேசை இருக்கு. நோய் எண்டு சொன்னால் தருவினம் எண்டு பிரியா சொல்லுது. வீட்டை இருந்தால் நான் இந்தக் கையைத்தான் பாத்துக்கொண்டிருக்க வேணும்.” கணவனிடம் திரும்பி, “ஆறு நாளும் எனக்காகப் பட்டினி கிடந்தனீங்கள். நான் அங்கை போய் அது என்ரை விரதம் எண்டு சொன்னனான். அதுதான் எனக்குத் தாங்கேல்லை” என்றாள்.

தியாகராஜா கவளத்தை வாயில் வைத்தார். நெடுநேரம் மென்றார். ஆறு நாளைக்குப் பிறகு சாப்பிடுகிற சாப்பாட்டில் அவர் எழும்பியபோது பாதி மிச்சம் இருந்தது. “உம்மட விருப்பம்” என்றுவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

டிசெம்பர் 12 காலை மோர்டனில் முதல் ரெயில் பெட்டியிலேயே இருக்கை கிடைத்தது. குளிசையை நேரத்துக்குப் போட்டிருந்தாள். கை அடங்கியிருந்தது. கைப்பையில் ஆஸ்பத்திரிக் கடிதமும், முதல்நாள் மாலை லாச்சியிலிருந்து எடுத்த அந்த உறையும் இருந்தன. உறையை ஏன் எடுத்தாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. ஒருவேளை லாச்சியை வேறு யாரேனும் திறக்கக்கூடும் என்றிருக்கலாம்.

மேசையின் மறுபக்கம் மூன்று பேர். தலைமை தாங்கியவர் அவளுக்குத் தெரியாத வேறு பிரிவின் அதிகாரி, மெல்லப் பேசுகிற நரைத்த மனிதர். ஒரு பக்கம் ஹெலன். மறுபக்கம் குறிப்பெடுக்க லக்ஷ்மிப்ரியா. துணைக்கு யாரையாவது அழைத்துவரலாம் என்று கடிதத்தில் இருந்தது. அவள் யாரையும் அழைத்துவரவில்லை.

அவள் முதலில் கடிதத்தைக் கொடுத்தாள். நரைத்தவர் இரண்டு தரம் வாசித்தார். வருந்துகிறோம் என்றார். அது உண்மையான வருத்தமாகத்தான் இருந்தது. ஹெலன் கையை நீட்டி மேசையின் நடுவரைக்கும் கொண்டுவந்து வைத்தார். வேறு மேசை பற்றிய பேச்சு வந்தது. விபரக் குறிப்புப் பிரிவில் இடம் இருக்கிறது, தொழில்சார் வைத்தியரிடம் அனுப்பலாம் என்றெல்லாம் சொன்னார்கள். லக்ஷ்மிப்ரியா தலை நிமிராமல் எழுதினாள். ஆனால் அவள் தோள் இறங்கிவிட்டது தெரிந்தது.

பிறகு, பதிவுக்காகச் சில கேள்விகள் என்றார் நரைத்தவர். விரதம் என்று சொன்னது உண்மையா? இல்லை. பெப்ரவரி விடுமுறை கனடாவுக்கா? இல்லை, ஆஸ்பத்திரிக்கு. அதைச் சொல்லாததற்குக் காரணம்? அவள் ஸ்ட்ரெதமில் இருந்து தொடங்க முயன்றாள். ஆங்கிலத்தில் அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. பாதியில் நிறுத்தி, பயம் என்று மட்டும் சொன்னாள். அவர் தலையசைத்தார், ஏதோ எழுதினார், பேனாவை மூடினார். கடதாசிகளை ஒன்றுசேர்த்து மேசையில் தட்டிக்கொண்டே, நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது வேறு ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார்.

விசாரணைகளை முடிக்க எல்லாரும் சொல்கிற வாக்கியம் அது. யாரும் பதில் எதிர்பார்ப்பதில்லை. லக்ஷ்மிப்ரியா முடிவு நேரத்தைக் குறிக்கக் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டாள்.

சிவனேஸ்வரிக்கு முதுகு நிமிர்ந்தது. கேட்டபோதே சொல்லியிருப்பீர் என்ற அந்த வரியை அவள் தமிழிலும் ஆங்கிலத்திலும் மனப்பாடமாக வைத்திருந்தாள். கைப்பையைத் திறந்து உறையை எடுத்து மேசையில் வைத்தாள். மேயில் ஒன்று, செப்ரெம்பரில் ஒன்று என்றாள். எண்கள் எழுதியிருக்கின்றன, துண்டுகள் பத்திரமாக இருக்கின்றன, ஒட்டலாம் என்றாள். படிவம் நிரப்பவில்லை என்பதையும் சொன்னாள்.

ஹெலன் உறையைத் திறந்து, மடித்த தாளை விரித்தார். பழுப்பு நிறத் துண்டுகள் இரண்டு. ஹெலன் தன் கையை மேசையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நரைத்தவர் மூடிய பேனாவைத் திறந்தார். தாளைச் சேதப்படுத்திவிட்டு மறைத்தீர்களா, துண்டுகளை அறையிலிருந்து வெளியே எடுத்தீர்களா, இன்று எடுத்து வந்தீர்களா என்று கேட்டார். மூன்றுக்கும் ஓம்தான் விடை. வேறு எத்தனை என்று கேட்டார். இவ்வளவுதான் என்றாள். அதை யாரும் நம்பியதாகத் தெரியவில்லை.

வெளியே படிக்கட்டில் லக்ஷ்மிப்ரியா வந்து பிடித்தாள். அவள் கண் சிவந்திருந்தது.

“கேட்டதுக்கு மட்டும்னு சொன்னேனேக்கா.”

“கேட்டவையெல்லோ” என்றாள் சிவனேஸ்வரி.

மேலே கதவு திறந்தது. இருவரும் வெவ்வேறு பக்கமாகப் போனார்கள்.

வீட்டில் தியாகராஜா ஷிப்டை மாற்றிக்கொண்டு காத்திருந்தார். நடந்ததைக் கேட்டார். கோபப்படுவார் என்று அவள் நினைத்தாள். அவர் கோபப்படவில்லை. “அந்தக் கேள்வியைக் கேட்டவங்களோ?” என்றார். ஓம் என்றாள். “அப்ப நீர் என்ன செய்யிறது” என்றார். தேத்தண்ணி போட்டு, கோப்பையின் கைப்பிடி அவளது இடது பக்கம் இருக்கும்படி வைத்தார்.

டிசெம்பர் 19 அன்று முடிவு தபாலில் வந்தது. அவளது உடல்நிலை கருத்தில் எடுக்கப்பட்டது. எனினும் சேதத்தை மறைத்தமை, மேற்பார்வையாளரிடம் பொய்க் காரணம் கூறியமை, துண்டுகளை அகற்றியமை ஆகியவற்றால் நம்பிக்கை இழக்கப்பட்டது, சேவை முடிவுறுத்தப்படுகிறது. பதினான்கு நாளுக்குள் மேன்முறையீடு செய்யலாம். சாருஜா ஒரு கடிதம் எழுதி வைத்தாள். சிவனேஸ்வரி அதில் கையொப்பம் இட உட்கார்ந்தாள், இடாமலே எழும்பினாள். ஜனவரி 2ஆம் திகதியுடன் அவகாசம் கழிந்தது.

212ஆம் தாள் ஜப்பானிய மென்தாள் ஒட்டிச் சீராக்கப்பட்டு, பெப்ரவரி முதல் கிழமையில் வேறொருவரால் படமெடுக்கப்பட்டது. யாழ்ப்பாணத்து உதவி அதிகாரிக்கு விடுப்பை மூன்றாம் முறை நீட்டிக் கொடுத்த உத்தரவு அதில் இருக்கிறது. தொகுதி அலுமாரித் தட்டுக்குத் திரும்பியது.

அதே மாதம் சிவனேஸ்வரியின் பணிக் கோவை மூடப்பட்டது. மேலட்டையில் சேவைக்காலம் இருபத்தொரு வருடம் என்று இருந்தது. நோய் விடுப்பு நாட்களுக்கான கட்டத்தில் பூச்சியம் என்று இருந்தது.